இரு நாடுகளுக்குத் தங்கம் தந்த ஃபிளனகன்

அயர்லாந்தின் லிமெரிக் பகுதியிலிருந்து பிழைப்புக்காக அமெரிக்கா போனவர் ஜான் ஃபிளனகன். நியூயார்க்கில் போலீஸ் வேலை. சங்கிலிக் குண்டு எறிதலில் 1900, 1904, 1908 என்று தொடர்ந்து மூன்று ஒலிம்பிக் தங்கம்! ஒவ்வொரு முறையும் முந்தைய ஒலிம்பிக்கைவிடக் கூடுதல் தூரம், கடைசியாக 1908 லண்டனில் 51.92 மீட்டர். என்ன மனிதர்! எல்லாம் அமெரிக்கக் கணக்கில்தான் சேர்ந்தன. அயர்லாந்துக்கு அன்று தனி அணியே கிடையாது.

ஆனால் நான் அவரைக் கொண்டாடுவது அதற்குப் பிந்தைய வாழ்க்கைக்காக. ஊர் திரும்பி, பாட் ஓகாலகன் என்ற இளம் மருத்துவருக்குப் பயிற்சி கொடுத்தார். 1928 ஆம்ஸ்டர்டாமில் அந்த மருத்துவர் இதே போட்டியில் வென்றதுதான் சுதந்திர அயர்லாந்தின் முதல் ஒலிம்பிக் தங்கம். 1932லும் அவரே வென்றார். இரண்டையும் அறிந்த பிறகே 1938இல் ஃபிளனகன் மறைந்தார் என்பதில் எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி.