சீல் இல்லாத கடிதமும் கேட்காத காதும்

ஏற்காட்டுப் பக்கம் ஒரு மலைக் கிராமத்துத் தொடக்கப் பள்ளியில் ஆசிரியராகச் சேர்ந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. புதிய ஆசிரியர்களுக்குச் சிறப்புத் தேவையுள்ள குழந்தைகள் பற்றி மூன்று நாள் பயிற்சி, சேலத்தில், நாளையிலிருந்து என்று ஞாயிறு இரவு ஒன்பது மணிக்கு வாட்ஸ்அப்பில் வருகிறது. ஹெச்.எம். வீட்டுக்கு ஓடினேன். வெள்ளைத்தாளில் விடுவிப்புக் கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். சீல் பள்ளி பீரோவுக்குள், பீரோ சாவி சத்துணவு அக்காவிடம், அக்கா ஊரில் இல்லை.

முதல் பஸ்ஸில் இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி, வயிறு கலங்கி ஒன்பதரைக்குள் போய்விட்டேன். வாசலில் ரிஜிஸ்டரோடு உட்கார்ந்திருந்தவர், "லிஸ்ட்ல உங்க பேரு இல்லையே சார்" என்றார். புதிதாகச் சேர்ந்ததால் எமிஸில், அதாவது கல்வித்துறையின் இணையப் பதிவில், என் பெயர் இன்னும் ஏறவில்லை என்று சொல்லிக் கடிதத்தை நீட்டினேன். "சீல் எங்கே?" ஹெச்.எம்.மை போனில் பிடித்துக் கொடுத்தேன், வாங்கிப் பேசவே இல்லை. "போன்ல எல்லாம் சீல் வராதுங்க." மறுபடி மலையேறினேன்.

அதனால் புதிதாகப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். சீல் வைத்த கடிதம் இரண்டு பிரதி கையில் இருக்கட்டும். முந்தின நாளே வட்டார வள மையத்துக்கு போன் போட்டுப் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்ட பக்கத்தை போட்டோ எடுத்து வையுங்கள்.

இரண்டாம் நாள் உள்ளே விட்டார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான 1995 சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடு, 2016 சட்டத்தில் இருபத்தொன்று என்று மதியம் வரை ஸ்லைடு ஓடியது. தெரிந்துகொள்ள வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் என் மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் சொல்வதெழுதுதலில் எப்போதும் பக்கத்துப் பையன் சிலேட்டைப் பார்த்தே எழுதுகிறானே, அவனை என்ன செய்வது என்று கேட்டேன். "அது கடைசி செஷன்ல வரும் சார்" என்றார் கருத்தாளர். கடைசி செஷனில் பின்னூட்டப் படிவம்தான் வந்தது.

உருப்படியாக ஒன்று கிடைத்தது டீ இடைவேளையில். வட்டார வள மையத்துச் சிறப்பாசிரியர் ஒரு அம்மா, கேள்வியைக் கேட்டுவிட்டு டீயைக் கீழே வைத்தார். "காதைப் பாத்தீங்களா சார்? மந்தம்னு முடிவு கட்டுறதுக்கு முன்னாடி கண்ணையும் காதையும் பாருங்க." பையனுக்குப் பின்னால் கை எட்டும் தூரத்தில் நின்று, ஒரு காதை மூடச் சொல்லி, இரண்டு மூன்று எண்களைக் கிசுகிசுக்க வேண்டும். அவன் திருப்பிச் சொல்கிறானா என்று பார்த்துவிட்டு அடுத்த காது. அப்புறம், "போர்டைப் பாத்துக்கிட்டே பேசாதீங்க" என்றார். சுருக்கென்றது. நான் அப்படித்தான் பேசுவேன்.

பள்ளிக்குத் திரும்பியதும் செய்து பார்த்தேன். வலது காதில் சொன்னதெல்லாம் சரியாக வந்தது. இடது காதில் ஒன்றுகூட வரவில்லை. காப்பித் தோட்ட வேலைக்குப் போகும் அவன் அம்மாவிடம் கேட்டால், "மழைக்காலம் வந்தா சீழ் வடியும் சார், சின்னதுல இருந்தே" என்றார், சாதாரணமாக. சேலம் அரசு மருத்துவமனையில் காட்டினோம். இடது செவிப்பறையில் ஓட்டை. மருந்து கொடுத்து, காதுக்குள் தண்ணீர் படக்கூடாது, மறுபடி வரவேண்டும் என்று அனுப்பினார்கள். வலது காது நன்றாகவே இருக்கிறது.

இதில் ஒரு வேடிக்கை. சட்டப்படி செவித்திறன் குறைபாடு என்றால் இரண்டு காதிலும் குறைந்தது 60 டெசிபல் இழப்பு இருக்க வேண்டும். ஆக, அரை நாள் ஓட்டிய இருபத்தொன்றில் என் பையன் எதிலும் இல்லை. சான்றிதழும் கிடையாது, அட்டையும் கிடையாது.

இத்தனை நாள் அவன் கடைசி வரிசையில், வலது காது சுவரைப் பார்க்க உட்கார்ந்திருந்தான். உட்கார வைத்தவன் நான்தான், உயரமான பையன் என்று. இப்போது முதல் வரிசையில், இடது ஓரத்தில் இருக்கிறான். போன வாரம் சொல்வதெழுதுதலில் பத்துக்கு ஏழு. பக்கத்துப் பையனுக்கு ஐந்து.

அந்த முதல் நாளைத் தற்செயல் விடுப்பில் கழித்துவிட்டார்கள்.