கவருக்குள்ள எவ்வளவுன்னு தெரியாம பேசுன காலம்

முதல் கவரை நான் பிரிச்சுப் பாத்தது விடியக்காலம் ராமேஸ்வரம் பஸ்ல, உச்சிப்புளி தாண்டுன பிறகு. 2014ல தேவிபட்டினம் பக்கம் ஒரு கோயில் திருவிழா பட்டிமன்றம். பேச வர வேண்டிய பேச்சாளர் அம்மாவுக்கு தொண்டை கட்டிருச்சுன்னு கடைசி நேரத்துல என்னைய கூப்பிட்டாங்க. நான் அப்ப தங்கச்சிமடத்துல இருந்து ஒரு பிரைவேட் ஸ்கூலுக்கு தமிழ் மிஸ்ஸா போய்க்கிட்டு இருந்தேன், மாசம் 6,500 சம்பளம். கவருக்குள்ள 301 ரூபா. அதே அணில பேசுன ஆம்பளைக்கு 1,500ன்னு கீபோர்டு வாசிக்கிற அண்ணன் பின் சீட்ல இருந்து சொன்னாரு. எனக்கு கோவம் கூட வரல, வாங்குன கைதட்டுலயே மிதந்துக்கிட்டு இருந்தேன், அப்படியே மூணு வருஷம் மிதந்துட்டேன்.

அந்த மூணு வருஷமும் போன்ல ஒரே டயலாக்தான், "பாத்து செய்றோம் மேடம்". பாத்துதான் செஞ்சாங்க. ஒரு ஊர்ல 500, ஒரு ஊர்ல சில்வர் தட்டும் பொன்னாடையும் மட்டும். வீட்டுல பொன்னாடை இருபது சேந்துருச்சு, அம்மா அதுல நாலை கிழிச்சு கருவாட்டுக் கூடைக்கு மூடி தைச்சுட்டாங்க.

அம்மா பாம்பன்ல கருவாடு யாவாரம். 2017ல ஒரு நாள் நான் வாசல்ல ஸ்பீக்கர்ல போட்டு பேசிக்கிட்டு இருக்கேன், அந்தப் பக்கம் ஒரு திருவிழா கமிட்டிக்காரரு, தேதி கேட்டாரு, தலைப்பு கேட்டாரு, நோட்டீஸ்ல பேருக்குப் பின்னாடி என்ன பட்டம் போடணும்னு கூட கேட்டாரு, காசு மட்டும் வாயில வரல. அம்மா நெத்திலியை புடைச்சுக்கிட்டே என்னைய பாத்து அஞ்சு விரலை விரிச்சு காட்டுனாங்க. நான் 500ன்னு நெனச்சு தலையாட்டுனேன். அவங்க தலையில அடிச்சுக்கிட்டு போனைப் பக்கத்துல இழுத்து, "அய்யா, புள்ளைக்கு அஞ்சாயிரம், வண்டி உங்க பொறுப்பு"ன்னு சொல்லிட்டு திரும்ப முறத்தை எடுத்துட்டாங்க. அந்தப் பக்கம் சத்தமே இல்ல. எனக்கு வேர்த்துருச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு அவரு, "மூணு வச்சுக்கலாமாத்தா"ன்னாரு. நாலுல முடிஞ்சுச்சு. இருபது நிமிஷம் மேடையில பேசுறவளுக்கு அந்த ஒரு வரி மூணு வருஷமா வாயில வரல, அம்மா அரை நிமிஷத்துல முடிச்சுட்டாங்க. கரையில ஏலம் கூறுறதை தினம் பாக்குற ஆளு, விலையை வாயைத் திறந்து சொல்றதுல அவங்களுக்கு என்ன கூச்சம்.

அதுக்கப்புறம் நான் வச்சுக்கிட்ட பழக்கம் என்னன்னா, தேதி கேக்கும்போதே தொகையையும் சொல்லிருவேன், பாதி அட்வான்ஸ் அக்கவுண்ட்ல ஏறுனாத்தான் டைரில எழுதுவேன். இதுவும் சும்மா வரல. ஒரு ஐப்பசி மாசம், அட்வான்ஸ் இல்லாம ஒத்துக்கிட்டு தொண்டி பக்கம் 3,000 ரூபாய்க்கு வண்டி எடுத்துட்டு போனா, மழையில பந்தல் சாஞ்சு கெடக்கு, ஒருத்தரும் போன் எடுக்கல. கமிட்டிக்காரங்க மேல தப்புன்னு கூட சொல்ல மாட்டேன், வாடைக்காத்து மழைக்கு யாரு என்ன பண்ண முடியும், ஆனா ஒரு போன் பண்ணிருக்கலாம்ல.

காசு கேக்கணும்னா சரக்கு வேணும், அதையும் சொல்லணும். என் பேச்சை போன்ல ரெக்கார்டு பண்ணி முதல் தடவை கேட்டப்ப, இருபது நிமிஷத்துல 41 தடவை "வந்து" சொல்லிருக்கேன். எண்ணி எழுதி வச்சேன். அதை விடுறதுக்கு ஆறு மாசம் ஆச்சு. அடுத்தது மைக். நம்ம கடற்கரை ஊருங்கள்ல திறந்த மேடையில கச்சான் காத்து அடிக்கிற மாசத்துல பேசிப் பாத்தாத்தான் தெரியும், மைக்குக்குள்ள காத்து பொறபொறன்னு ஏறி நம்ம சொல்றது பாதி போயிரும். இப்பல்லாம் என் பையில சொந்தமா ரெண்டு மைக் பஞ்சு இருக்கும், மேடைக்கு ஏறுன உடனே காத்து எந்தப் பக்கம்னு பாத்து முதுகை அந்தப் பக்கம் கொடுத்து நிப்பேன், மைக்கை வாய்க்கு நேரா வைக்காம நாடிக்குக் கீழ கொஞ்சம் சாச்சு பிடிப்பேன். மைக் செட்காரர்கிட்ட போன உடனே வணக்கம் சொல்லி டீ வாங்கிக் குடுத்துருங்க, கூட்டத்துக்கு நீங்க எப்படி கேக்கணுங்கறது அவரு கையிலதான் இருக்கு.

சரக்குன்னு சொன்னேன்ல, அதுல என்னைய திருத்துனது ஒரு எட்டாம் கிளாஸ் பையன். ராம்நாடு ஜில்லாவுல ஸ்கூல்ல பேசப் போற எல்லாரும் சொல்றது கலாம் கதை. நானும் விதிவிலக்கு இல்ல, 1931ல ராமேஸ்வரத்துல பொறந்தது, 2015 ஜூலை 27 ஷில்லாங்ல மேடையில பேசிக்கிட்டு இருக்கும்போதே சாஞ்சது, எல்லாத்தையும் உருக்கமா சொல்லுவேன். பேக்கரும்புல இருக்கிற நினைவிடம் எங்க வீட்டுல இருந்து பக்கம்தான். மண்டபம் பக்கம் ஒரு ஸ்கூல்ல அப்படி பேசிட்டு இறங்குறேன், முதல் வரிசைப் பையன் ரொம்ப மரியாதையா, "மிஸ், போன வாரம் வந்த சாரும் இதேதான் சொன்னாரு, அவரு அழுதாரு, நீங்க அழுவல"ன்னான். அன்னைக்கு வாங்குன 4,000 கையில சுட்டுச்சு.

அதுலருந்து ப்ரோகிராமுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே போயிருவேன். டீக்கடையில உக்காந்து அந்த ஊரு சமாச்சாரத்தை கேப்பேன், யாரு கடல்ல பாசி எடுக்கிறாங்க, எந்த வீட்டுப் பொண்ணு நர்சிங் முடிச்சிருக்கு, முண்டு மிளகாய் இந்த வருஷம் என்ன விலை போச்சு, இதெல்லாம். ஆரம்பத்துல அதைச் சொன்னா கூட்டம் நிமுந்து உக்காரும். பெரிய கதை வேணும்னா 1897 ஜனவரி 26 விவேகானந்தர் பாம்பன்ல வந்து இறங்குனதும், ராம்நாடு ராஜா பாஸ்கர சேதுபதி நேர்ல வந்து வரவேத்ததும் சொல்லுவேன். சிகாகோவுல பேசுனவரு திரும்பி வந்து இந்தியாவுல கால் வச்சது நம்ம கரையிலன்னா எங்க புள்ளைங்களுக்கே பாதிப் பேருக்கு தெரியல.

கம்பெனி பக்கம் போனது தற்செயலாத்தான். மார்ச் 4 தேசிய பாதுகாப்பு தினம், அந்த வாரம் ஃபேக்டரிங்கள்ல பேச ஆள் தேடுவாங்க. 2022ல தூத்துக்குடில ஒரு கம்பெனி ரெண்டு நாளைக்கு 40,000 பேசுனாங்க, அக்கவுண்ட்ல ஏறுனது 36,000. நான் ஏமாத்திட்டாங்கன்னு நெனச்சு ரெண்டு நாள் தூங்கல. ஆடிட்டர்தான் சிரிச்சுட்டு, அது டிடிஎஸ்மா, காசு குடுக்கும்போதே வரின்னு பிடிச்சு கவர்மென்ட்டுக்கு கட்டிருவாங்க, பத்து பர்சன்ட், உன் பான் நம்பர்ல ஏறிருக்கும், ரிட்டன் போட்டா திரும்பி வரும்னாரு. என் வருமானம் வரி வர்ற அளவுக்கு இல்ல, 4,000 முழுசா திரும்பி வந்துச்சு. இந்தத் தொழிலுக்கு வர்றவங்க பான் கார்டையும் பில் புக்கையும் முதல் நாளே ரெடி பண்ணிருங்க. கம்பெனியில கவர் கிடையாது, பில் இல்லன்னா காசும் கிடையாது.

மார்ச்னதும் இன்னொண்ணு, மார்ச் 8. மகளிர் தினத்துக்கு ஒரே நாளுக்கு ஏழு போன் வரும், அதுல அஞ்சு பேரு, "பெண்களுக்காகத்தானே மேடம், சேவையா நெனச்சு வாங்க"ம்பாங்க. பந்தல்காரரும் பிரியாணிக்காரரும் சேவை செய்றாங்களான்னு கேப்பேன். வருஷத்துக்கு ஒரு கவர்மென்ட் ஸ்கூலுக்கு மட்டும் ஃப்ரீயா போறேன், அதுவும் நான் பாத்து எடுக்கிற ஸ்கூல்.

பொம்பளையா இருந்து இதைச் செய்றதுல பெரிய செலவு ராத்திரிப் பயணம்தான். பட்டிமன்றம் பத்து மணிக்கு ஆரம்பிச்சு ஒரு மணிக்கு முடியும். மூணு வருஷமா சித்தப்பாதான் கார் ஓட்டிட்டு வர்றாரு, அவருக்கு டீசல் போக தனியா 1,000 எழுதிருவேன், சொந்தக்காரர்னு ஓசியில விட்டா ரெண்டு வருஷத்துல பேச்சுவார்த்தை நின்னுரும். 2022 டிசம்பர்ல பழைய பாம்பன் பாலத்துல ரயிலை நிப்பாட்டுனதுல இருந்து 2025 ஏப்ரல்ல புதுப் பாலம் திறக்கிற வரைக்கும் சென்னை ப்ரோகிராம்னா நான் மண்டபமோ ராம்நாடோ போய்த்தான் ரயிலேறணும், ரோட்டுப் பாலத்துல டூரிஸ்ட் வண்டிங்க நின்னு போட்டோ எடுத்துக்கிட்டு இருந்தா நெஞ்சு படபடன்னு அடிக்கும். அந்த ரெண்டு வருஷமும் பயணச் செலவை தனி வரியா எழுதிக் கேட்டுப் பழகுனது இப்பவும் நிக்குது.

ஸ்கூல் வேலையை 2023லதான் விட்டேன். சீசன் இல்லாத மாசத்துக்கு ஆறு மாசச் செலவை பேங்க்ல போட்டுட்டுத்தான் விட்டேன், ஆடி முடிஞ்சா ஒரு ரெண்டு மாசம் போன் சும்மா கெடக்கும், அப்ப வயித்துல புளியைக் கரைக்கும். இப்ப ஊர்ப் பட்டிமன்றத்துக்கு 8,000, கம்பெனிக்கு ஒரு நாள் 25,000 வாங்குறேன்.

போன வாரம் அந்த 301 ரூபா ஊர்ல இருந்து போன் வந்துச்சு, புது கமிட்டி. 8,000ன்னேன். "நம்ம ஊரு மேடையில ஆரம்பிச்ச புள்ளைதானே, பாத்துக்கங்கத்தா"ன்னாரு. 7,500க்கு வந்தேன், அம்மா உள்ள இருந்து முறைச்சாங்க. அட்வான்ஸ் நேத்து சாயங்காலம் ஏறிருச்சு, 3,750. தலைப்புதான் இன்னும் சொல்லல.