செக்கானூரணி தாண்டி ஒரு பாகல் பந்தல்

தேனீக்களைப் பார்க்க வேண்டும் என்றால் சிறுமலைக்கோ கொடைக்கானலுக்கோ போகச் சொல்வார்கள். நான் போனது சமவெளிக்கு. மதுரையிலிருந்து தேனி போகும் சாலையில், வலப்பக்கம் நாகமலை கூடவே வர, செக்கானூரணியைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஒரு வண்டிப்பாதை பிரிகிறது. பங்குனி மாதம். வழியெல்லாம் வேம்பு பூத்துக் கிடந்தது. நண்பர் ஒருவரின் சித்தப்பா அங்கே பாகல் போட்டிருக்கிறார். "ஏழு மணிக்கு முன்னாடி வந்துருங்க தம்பி. வெயில் ஏறுச்சுன்னா பாக்க ஒண்ணும் இருக்காது" என்று முந்தின நாளே போனில் சொல்லிவிட்டார்.

அவர் சொன்னது சரிதான். பாகல் பூ விடியும்போது விரியும், அன்றைக்கே வாடிவிடும். பந்தலுக்குள் குனிந்து நுழைந்தால் தலைக்கு மேலே மஞ்சள் மஞ்சளாக ஆண் பூக்கள். பெண் பூ எங்கே என்று தேட வேண்டும். அவரே ஒரு கொடியை இழுத்துக் காட்டினார். பூவுக்குக் கீழே விரல்நுனி அளவுக்கு ஒரு பிஞ்சு, இப்போதே முள்முள்ளாகப் பாகற்காய் உருவத்தோடு. ஒரு தேனீ ஆண் பூவில் உட்கார்ந்து மகரந்தத்தை எடுத்துவந்து இந்தப் பூவில் போட்டால்தான் அந்தப் பிஞ்சு காயாகும். இல்லாவிட்டால் மஞ்சளாகி உதிர்ந்துவிடும். அரைகுறையாக மகரந்தம் விழுந்தால் காய் ஒரு பக்கம் பருத்து, இன்னொரு பக்கம் சூம்பிப் போகும். பரவை மார்க்கெட்டில் அப்படிப்பட்ட காயைத் தனியாக ஒதுக்கிவிடுவார்கள், அதற்கு விலையே வேறு. தேனீயின் வேலை அவருக்கு இப்படித்தான், எடை போடும் இடத்தில், கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது.

முன்பெல்லாம் அவரும் காலையில்தான் மருந்தடித்திருக்கிறார். காலையில்தான் ஆள் கிடைக்கும், வெயிலுக்கு முன்னால் வேலை முடியும். ஆனால் தேனீக்கள் பூவில் மொய்க்கிற அதே நேரத்தில் விஷம் விழுகிறது. தெளித்த மறுநாள் பந்தலே சத்தமில்லாமல் இருக்குமாம். இப்போது மருந்து தேவைப்பட்டால் சாயங்காலம் தேனீக்கள் கூடு திரும்பிய பிறகுதான். அதுவும் பெரும்பாலும் வேப்பங்கொட்டைக் கரைசல்: பத்து லிட்டர் தண்ணீருக்கு அரைக்கிலோ பருப்பு, இடித்து ராத்திரி முழுக்க ஊறவைத்து வடிகட்டி, இலையில் ஒட்டுவதற்குக் கொஞ்சம் காதி சோப்பு. வேம்பின் வீரியம் வெயிலில் சீக்கிரம் போய்விடும் என்பதால் அதற்கும் சாயங்காலமே நல்லது. பாகலுக்குப் பெரிய எதிரி பழ ஈ. அதற்கு, ஆண் ஈக்களை வாசனையால் இழுத்துப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறிகளைக் கட்டிவிட்டு, புழு விழுந்த காய்களைப் பொறுக்கிக் குழி தோண்டிப் புதைக்கிறார்கள். புதைப்பது அவர் மனைவி. அந்தக் குழியைக் காட்டும்போது அக்கா முகத்தில் இருந்த பெருமிதம் எனக்குப் பிடித்திருந்தது.

அப்புறம் வரப்பு. களைக்கொல்லி அடித்து மொட்டையாக்காமல் தும்பை, கிணற்றடிப்பூண்டு எல்லாவற்றையும் பூக்க விட்டிருக்கிறார்கள். ஓரத்தில் தட்டைப்பயறும் ஆமணக்கும் நிற்கின்றன. பாகல் ஓய்ந்த பிறகும் தேனீக்கள் எதையாவது தின்ன வேண்டுமே!

பந்தலுக்குப் பக்கத்தில் ஒரு துண்டு நிலத்தில் கத்தரி. அங்கேதான் நான் அதிக நேரம் நின்றேன். கத்தரிப் பூவின் மகரந்தப்பை நுனியில் ஒரு சின்னத் துளைதான் உண்டு. பெட்டியில் வளர்க்கும் தேனீயால் அதிலிருந்து மகரந்தத்தை உதிர்க்க முடியாது. பெரிய கருவண்டு போல ஒரு தச்சுத் தேனீ வந்து பூவைக் காலால் இறுகப் பிடித்தது. பறக்கும்போது இருந்த ரீங்காரம் சட்டென்று மாறி 'உர்ர்' என்று உச்சத்துக்கு ஏறியது. பூவே நடுங்கியது. உப்புப்புட்டியைக் குலுக்கியது மாதிரி அதன் வயிற்றில் மகரந்தம் கொட்டியது. இந்தத் தேனீக்கு யாரும் பெட்டி தருவதில்லை. பட்ட மரத்திலும் மூங்கிலிலும் துளை போட்டு வாழ்கிறது. கிணற்றடியில் பட்டுப்போன ஒரு முருங்கையை வெட்டாமல் விட்டிருந்தார்கள். அதில் சுண்டுவிரல் நுழையும் அளவுக்குத் துளைகள்.

தேனீப் பெட்டியும் ஒன்று வேப்பமரத்தடியில் இருக்கிறது, எறும்பு ஏறாமல் இருக்கத் தண்ணீர்க் கிண்ணத்தில் காலை நனைத்துக்கொண்டு. மானியத்தில் பெட்டி கிடைக்கிறது, 2020இல் மத்திய அரசு தேனீ வளர்ப்புக்கென்று 500 கோடி ரூபாய் அறிவித்தது. எல்லாம் நல்லதுதான். ஆனால் பெட்டியோடு வேலை முடிந்தது என்று நினைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. இவருக்குக் கிடைத்த முதல் பெட்டி காலியாகிவிட்டது. காரணம் இவர் தோட்டம் இல்லை. நம் நாட்டுத் தேனீ ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் தூரத்துக்குள் இரை தேடும். அந்த வட்டத்துக்குள் எத்தனை பேர் நிலம் இருக்கிறது!

பக்கத்து நிலம் மல்லிகை. 2013இல் புவிசார் குறியீடு வாங்கிய நம் மதுரை மல்லியேதான். மல்லியை விரிவதற்கு முன் மொட்டாகவே பறித்துவிடுவதால் அந்தத் தோட்டக்காரருக்குத் தேனீயால் ஒரு லாபமும் இல்லை. மொட்டுப்புழு விழுந்தால் அவருக்கு அன்றன்றைய வருமானமே போய்விடும், அதனால் மருந்தடிக்காமல் இருக்கச் சொல்வதும் நியாயம் இல்லை. காற்று இந்தப் பக்கம் வீசினால் அந்த மருந்து பாகல் பூவில் வந்து படியும். எனக்கு இதுதான் விஷயத்தின் மையமாகத் தோன்றுகிறது. ஒரு விவசாயியைத் தனியாகத் திருத்திப் பயனில்லை. அக்கம்பக்கத்து நிலக்காரர்கள் சேர்ந்து நேரத்தைப் பேசி முடிக்க வேண்டும்.

பேசியும் இருக்கிறார்கள். டீக்கடையில் உட்கார்ந்து பேசியதில் மல்லித் தோட்டக்காரர் சாயங்காலம் அடிக்கச் சம்மதித்துவிட்டார். "நானா மாட்டேங்கிறேன்? ஆளு வரணும்ல" என்பது மட்டும்தான் அவர் கேள்வி. மருந்தடிக்கிறவர்கள் காலையிலேயே நாலு தோட்டத்தை முடித்துவிட்டுப் போகிறவர்கள். சாயங்காலம் வர வேண்டுமென்றால் கூடுதல் கூலி கேட்கிறார்கள், கேட்பதும் நியாயம். அந்தக் கூடுதல் கூலியில் பாதியைப் பாகல்காரர் தருவதாக இப்போதைக்கு ஏற்பாடு. பெட்டிக்கு மானியம் தருகிற துறை இந்தச் சாயங்காலக் கூலிக்கும் ஒரு வழி செய்தால், அந்த வண்டிப்பாதையில் இன்னும் பத்துத் தோட்டங்கள் மாறத் தயாராக இருக்கின்றன.