சுண்ணாம்புச் சுவரும் லேசர் மேசையும்

ஜனவரி 8, 2025, புதன்

சென்னைக் கடற்கரையோரம் ஒரு பழைய கல்லூரிக் கட்டடத்தில் லேசர் ஆய்வகம் அமைக்க வேண்டும். பெயர் வேண்டாம். கட்டடக் கலைஞர் சிஷோம் சேப்பாக்கத்தில் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸைக் கட்டிய (1874–79) காலத்தை ஒட்டியது. சுவர் இரண்டரை அடி கனம். மேலே மெட்ராஸ் டெரஸ்: தேக்குக் கட்டைகள்மேல் செங்கல்லைச் சாய்வாகக் குத்துவாட்டில் அடுக்கி, சுண்ணாம்பு ஜல்லி போட்டுத் திமிசடித்து, தட்டோடு பதித்தது.

இடுப்பளவுக்குச் சுவரெல்லாம் உப்புப் பூத்து உதிர்கிறது. "கடல் காத்து சார்" என்றார் வாட்ச்மேன். சுரண்டிப் பார்த்தால் சிமெண்ட். எப்போதோ யாரோ பூசிவிட்டுப் போயிருக்கிறார்கள். தரையிலிருந்து ஏறும் ஈரம் சுண்ணாம்புப் பூச்சு வழியாக ஆவியாகிவிடும். சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிட்டது. ஈரத்தோடு வந்த உப்பு செங்கல்லுக்குள்ளேயே தங்கி அரிக்கிறது. விரல் வைத்தால் மாவாக வருகிறது.

ஜனவரி 21, செவ்வாய்

சிமெண்டைக் கொத்தி எடுக்க பிரேக்கர் மெஷின் கூடாது, உளிதான் என்று சொல்லிவிட்டேன். மேஸ்திரிக்கு முகம் சுருங்கியது. "கூலி ஏறுமே சார்?" ஏறட்டும். பின்கட்டில் புதிய சுண்ணாம்புப் பூச்சில் கலக்கக் கடுக்காயும் வெல்லமும் பேரலில் ஊறுகின்றன. புளித்த நெடி மாடிவரை போகிறது. மாணவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுகிறார்கள்.

பிப்ரவரி 12, புதன்

இன்று நல்ல சண்டை. புரொபசருக்கு 22 டிகிரி வேண்டும், அரை டிகிரிகூட நகரக் கூடாது. தூசியும் ஆகாது. ஏசி கான்ட்ராக்டர் சுவரைத் துளைத்து டக்ட் (காற்றுக் குழாய்) விடலாம், உள்ளே ஈரம் புகாத எபாக்ஸி பெயிண்ட் அடிக்கலாம் என்கிறார். எபாக்ஸி அடிப்பதற்கு, கொத்தி எடுத்த சிமெண்டையே திரும்பப் பூசிவிடலாம்!

கடைசியில் அறைக்குள் அறை என்று முடிவானது. பழைய சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி, பேனல் கூண்டு. நடு இடைவெளியில் காற்று ஓடும். பழைய சுவரில் ஒரு ஸ்குரூகூட ஏறாது. பதினெட்டடி உயரம் இருப்பதால் டக்ட் எல்லாம் கூண்டின் தலைமேல். நாளைக்கு ஆய்வகமே வேண்டாமென்றாலும் கழற்றிக்கொண்டு போகலாம். இடம் குறைகிறதே என்று புரொபசருக்கு மனத்தாங்கல்.

மார்ச் 14, வெள்ளி

மாடியில் ஒருவர் நடந்தாலே தேக்குக் கட்டை அதிர்கிறது. அங்கே நூலகம் இருக்கட்டும், லேசர் கீழேதான். கடப்பைக் கல்லைப் பெயர்த்துவிட்டு மேசைக்கென்று தனி கான்கிரீட் பீடம் போட்டோம். சுற்றிலும் இரண்டங்குல இடைவெளி. தரையின் அதிர்வு பீடத்துக்குத் தாவக் கூடாது. பஸ் போகும்போதும் அதிர்வு அளக்கும் கருவியில் முள் அடங்கியே இருந்தது. புதிய பிளாக்கின் மூன்றாம் மாடியில் இது கனவு.

டீ குடிக்கும்போது சி.வி. ராமன் பேச்சு வந்தது. பிரசிடென்சி கல்லூரியில் மாணவராக இருந்தபோதே, 1906இல், ஒளி விளிம்பு விலகல் பற்றி முதல் கட்டுரை வெளியிட்டவர். ஏசியும் இல்லை, எபாக்ஸியும் இல்லை என்றேன். கான்ட்ராக்டர் சிரிக்கவில்லை.

ஏப்ரல் 3, வியாழன்

மார்ச் 31 தாண்டிவிட்டது, பில்லை ஏன் முடிக்கவில்லை என்று கணக்குப் பிரிவிலிருந்து போன். பூச்சு இன்னும் இறுகவில்லை. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து மெல்ல மெல்லத்தான் கல்லாகும். நிதியாண்டைப் பார்த்து அவசரப்படாது. அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டேன்.

மேசை வந்து இறங்கியது. பழைய இரட்டைக் கதவு, நிலையைப் பெயர்க்காமலே உள்ளே போய்விட்டது. புகைபோக்கிக்கும் சுவரை உடைக்கவில்லை; மேல் வெண்டிலேட்டரில் ஒரு கண்ணாடியைக் கழற்றி அந்த வழியாகக் குழாய் விட்டாயிற்று. நாளை எர்த்திங் குழி.