திரைக்கு அருகே ஒரு குரல்

நமது பள்ளியின் பௌதிக மாஸ்டர் தை மாதம் காலமானார். அவருடைய பெயரை இங்கே எழுதத் தேவையில்லை. வெள்ளி மாலைகளில் நமக்கு மௌனப் படம் காட்டப் பிரதான மண்டபத்து யன்னல்களை அடைத்தவர் யாரென்று இந்த மலரை வாசிக்கும் எவருக்கும் தெரியும்.

மௌனப் படங்களில் மனிதர்கள் விழுந்தடித்து ஓடுவது மாஸ்டருக்குப் பொறுக்காது. வினாடிக்குப் பதினாறோ இருபதோ பிரேம்களாகக் கையால் சுழற்றி எடுத்ததைப் பேசும் படத்தின் 24 பிரேம் வேகத்தில் ஓட்டுவது நடிகருக்குச் செய்யும் அநியாயம் என்பார். புரஜெக்டரின் வேகத்தைக் குறைத்த பிறகே விளக்கை அணைப்பார். பிறகு திரையோரம் நின்று, காட்சிகளுக்கு நடுவே வரும் எழுத்து அட்டைகளைத் தமிழில் கதையாகச் சொல்வார். மௌனப்பட நகைச்சுவை நடிகர் பஸ்டர் கீட்டனின் 1928ஆம் ஆண்டுப் படத்தில் வீட்டின் முகப்புச் சுவர் முழுதாக அவர்மேல் சாயும் இடத்தில் மட்டும் மாஸ்டர் பேசமாட்டார். திறந்த யன்னல் சரியாகக் கீட்டனைச் சுற்றி விழும். அவர் அசையாமல் நிற்பார். திங்கட்கிழமை அது கரும்பலகைக்கு வந்துவிடும்: யன்னல் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, சுவரின் அடியிலிருந்து அவ்வளவு தூரத்தில் நிற்கவேண்டும். நான் பௌதிகம் படித்தது அந்தச் சுவரால்தான்.

தமிழ்நாட்டுக் கூடாரக் கொட்டகைகளிலும் இப்படிக் கதை சொல்லிகள் இருந்தார்கள் என்பதையும், ஜப்பானில் 'பென்ஷி' என்ற பெயரில் அவர்கள் நட்சத்திரங்களாகவே விளங்கினார்கள் என்பதையும் லண்டனுக்கு வந்தபின் படித்து அறிந்தேன். மாஸ்டர் எந்த மரபில் நின்றார் என்பது அப்போதுதான் புரிந்தது.

சென்னையில் பட்டம் பெற்றவர் அவர். நடராஜ முதலியார் புரசைவாக்கத்தில் எடுத்த 'கீசகவதம்' தென்னிந்தியாவின் முதல் கதைப்படம். அதில் ஓர் அடிச் சுருள்கூட மிஞ்சவில்லை என்பது அவருக்கு ஆறாத துயரம். 1933இல் வந்த 'மார்த்தாண்ட வர்மா' என்ற மௌனப் படத்தின் பிரதி பதிப்புரிமை வழக்கில் சிக்கிப் புத்தகக் கடையில் கிடந்ததால் பிழைத்தது. அந்தக் கதையை எத்தனை முறையும் சொல்வார். 2008இல் 'மெட்ரோபொலிஸ்' என்ற ஜெர்மன் மௌனப் படத்தின் தொலைந்த காட்சிகள் ஆர்ஜென்டினாவின் புவனஸ் அயர்ஸில் அகப்பட்டபோது தொலைபேசியில் சொன்னேன். "அப்படியென்றால் கீசகனும் எங்கேயாவது இருப்பான், தேடு" என்றார்.

தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. அந்த ஆண்டுகளில் மாஸ்டர் படமில்லாமலே, மண்ணெண்ணெய் விளக்கை வைத்துக்கொண்டு பிள்ளைகளுக்கு அந்தப் படங்களைச் சொன்னாராம். காட்சிக்குக் காட்சி, அட்டைக்கு அட்டை. அதே காலத்தில் நான் இத்தாலியின் போர்டெனோனே நகரத்து மௌனப்பட விழாவில், நேரடி இசையுடன் பழைய படங்களைப் பார்த்து மகிழ்ந்திருந்தேன். அந்த விழாவுக்குப் போனதில் எனக்கு வருத்தமில்லை. அந்த விளக்கின் முன்னால் இருந்து கேட்காததுதான் வருத்தம்.

அந்தக் குரல் என்னிடம் இல்லை. பரிசளிப்பு விழாக்களையும் விடுதி நிகழ்ச்சிகளையும் கசெட்டில் பதிந்தவர்கள் நம்மில் உண்டு. மாஸ்டர் கதை சொல்வது எதிலாவது இருந்தால் மலர்க்குழுவிடம் தாருங்கள். தேய்ந்திருந்தாலும் பரவாயில்லை, படியெடுக்கும் செலவு என்னுடையது.