மாங்காய் சீசனில் மறுபடியும் கீட்டோ

கீட்டோவை முதல் தடவை இருப்பது பெரிய காரியமே இல்லை. சோறு, இட்லி, தோசை எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு முட்டை, கறி, பனீர், வெண்ணெய் என்று ஒருவன் தின்ன ஆரம்பித்தால் ஊரே அதிசயமாகப் பார்க்கும். எடை இறங்கியதும் பாதிப் பேர் "எப்படிங்க குறைச்சீங்க?" என்பார்கள். மீதிப் பேர் "என்னப்பா இப்படி ஆயிட்டே, சுகர் கிகர் இருக்கா பாரு" என்பார்கள். இரண்டுமே கேட்கச் சுகமாகத்தான் இருக்கும். சிக்கல் எல்லாம் இரண்டாவது தடவையில்தான். அதிசயப்பட ஓர் ஆள் மிச்சம் இருக்காது. எல்லோருக்கும் முன்கதை தெரியும்.

முன்கதைச் சுருக்கம்: எடை இறங்கியது. தீபாவளி வந்தது, பொங்கல் வந்தது, மச்சினன் கல்யாணம் வந்தது, எடையும் வந்தது. வரும்போது துணைக்குக் கொஞ்சம் கூட்டியும் வந்தது.

சரி, மறுபடியும் ஆரம்பிப்போம் என்று முடிவு செய்தேன். முடிவு செய்த மாதம் ஆனி. குடியிருக்கும் ஊர் கிருஷ்ணகிரி. இதற்கு மேல் இந்தப் பக்கத்து ஆட்களுக்கு விளக்கம் தேவைப்படாது. மண்டிகளில் லாரி லாரியாக மாங்காய் ஏறிக்கொண்டிருக்கும். மாங்கூழ் தொழிற்சாலைப் பக்கம் வண்டியில் போனால் காற்றே இனிக்கும். சாலையோரம் முழுக்கப் பழக்கடை. "ஏங்க, மார்கழியில ஆரம்பிச்சிருந்தா சாமி பேரைச் சொல்லியாவது ஓட்டியிருக்கலாமே" என்றாள் மனைவி. நியாயம்தான். ஆனால் வைராக்கியம் என்ன பஞ்சாங்கம் பார்த்தா வருகிறது?

விஷயத்தை முதலில் கண்டுபிடித்தவர் முட்டைக் கடைக்காரர். வழக்கமாக ஆறு முட்டை வாங்குகிறவன் ஒரு ட்ரே கேட்டதும் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நடுவில் மட்டும் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார்.

"மறுபடியும் ஆரம்பிச்சாச்சா சார்?"

"ஆமாங்க."

"எவ்வளவு நாளைக்குன்னு சொல்லிட்டா நல்லா இருக்கும் சார். போன தடவை உங்களை நம்பி ட்ரே சேர்த்து இறக்கினேன். திடீர்னு நின்னுட்டீங்க."

என் மனவுறுதியை நம்பி ஒருவர் சரக்கு இறக்கியிருக்கிறார் என்பது அன்றுவரை எனக்குத் தெரியாது.

வீட்டில் அம்மாவின் கட்சி வேறு. தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் ராகிக் களி கிண்டாத வீடு கிடையாது. நொய்யை வேகவிட்டு, ராகி மாவைக் கொட்டி, கட்டி தட்டாமல் துடுப்பால் கிண்டி, கையில் தண்ணீர் தொட்டு உருட்டி வைத்தால், பக்கத்தில் கீரைக் கடைசலோ மொச்சைக் குழம்போ கருவாட்டுக் குழம்போ எதுவானாலும் போதும். சுகர்காரருக்கும் களி, உடம்பு இளைக்கவும் களி, உடம்பு தேறவும் களி என்பதுதான் அம்மாவின் வைத்தியம். "அரிசி வேணாம்னா விடு. களிக்கு என்னடா வந்துச்சு? ராகியில எங்கடா மாவுச்சத்து இருக்கு?" என்றார், ராகி மாவு டப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டே.

ராகியைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். கால்சியம் உண்டு, நார்ச்சத்து உண்டு, எல்லாம் சரி. ஆனால் 100 கிராம் ராகி மாவில் ஏறக்குறைய 70 கிராம் மாவுச்சத்தும் உண்டு. கீட்டோவில் ஒரு நாளைக்கு 20 கிராம், ரொம்ப தாராள மனசுக்காரர்கள் 50 கிராம் வரைக்கும்தான் அனுமதிக்கிறார்கள். எங்கள் வீட்டு உருண்டையின் அளவுக்கு ஒன்று உள்ளே போனால் நாளைக் கணக்கும் சேர்ந்து தீர்ந்துவிடும். இதை அம்மாவிடம் சொன்னேன்.

"உங்க தாத்தா காலையில ரெண்டு உருண்டை, ராத்திரி ரெண்டு உருண்டை தின்னாரு. அவருக்குத் தொப்பை இருந்துச்சா?"

"தாத்தா ஏர் ஓட்டினாரும்மா. நான் ஓட்டுறது ஸ்கூட்டர்."

"அப்ப ஸ்கூட்டரை விடுடா. களியை ஏன் விடுற?"

இதற்கு என்னிடம் இன்றைக்கு வரைக்கும் பதில் கிடையாது. கீரைக் கடைசலைக் கிண்ணத்தில் வாங்கி, மேலே நெய்யை ஊற்றிக்கொண்டு பேசாமல் சாப்பிட்டேன்.

அடுத்து மாமா. "இதெல்லாம் யூடியூப் வந்தப்புறம் வந்த வியாதி மாப்ளே" என்று ஆரம்பித்தார். விடுவேனா? முதல் தடவையே படித்து வைத்ததை எடுத்துவிட்டேன். இது நூறு வருஷத்துச் சமாச்சாரம் மாமா, பட்டினி கிடந்தால் வலிப்பு நோய்க்காரர்களுக்கு வலிப்பு குறைகிறது என்று பார்த்திருக்கிறார்கள், ஆனால் ஒருவரை எத்தனை நாள் பட்டினி போட முடியும், அதனால் 1921-இல் அமெரிக்காவில் மேயோ கிளினிக் டாக்டர் ரஸ்ஸல் வைல்டர் ஒரு வழி சொன்னார், மாவுச்சத்தை ஒடுக்கிக் கொழுப்பைக் கொடுத்தால் கல்லீரல் அந்தக் கொழுப்பிலிருந்து கீட்டோன் தயாரிக்கும், சாப்பிட்டுக்கொண்டே உடம்பைப் பட்டினி நிலையில் வைக்கலாம், கீட்டோ என்ற பெயரே அவர் வைத்ததுதான் என்று மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன். மாமா முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப உனக்கு வலிப்பு இருக்கா மாப்ளே?"

சாயங்காலத்துக்குள் பர்கூரிலிருந்து அத்தை போன் செய்துவிட்டார். "எதுக்கும் ஒரு இரும்புச் சாவியைப் பாக்கெட்லயே வெச்சுக்கோ சாமி." வலிப்புக்கும் இரும்புக்கும் சம்பந்தமே இல்லை என்று டாக்டர்கள் தொண்டை வறளச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அத்தைக்கு அதைச் சொல்லிப் புரியவைப்பதைவிட எனக்கு வலிப்பே இல்லை என்று புரியவைப்பது இன்னும் கஷ்டமாக இருந்தது. ஸ்கூட்டர் சாவி எப்போதும் பாக்கெட்டில்தான் இருக்கிறது என்று சொல்லி வைத்தேன்.

ஆரம்ப நாட்களில் தலைவலியும் சோர்வும் வரும். கீட்டோ ஃப்ளூ என்பார்கள். கிருமியெல்லாம் ஒன்றும் கிடையாது. மாவுச்சத்து குறைந்ததும் உடம்பில் இன்சுலின் இறங்கும், அது இறங்கினால் சிறுநீரகம் உப்பையும் தண்ணீரையும் வெளியே தள்ளும். உப்புப் போட்ட எலுமிச்சைத் தண்ணீரும் எலும்பு சூப்பும் உள்ளே போனால் சரியாகிவிடும். பிரஷர் உள்ளவர்கள் இந்த உப்பு வைத்தியத்தை டாக்டரைக் கேட்காமல் செய்ய வேண்டாம். எனக்குத் தலைவலி சூப்பில் போனது. கூடவே வந்த எரிச்சலுக்குத்தான் சூப் கண்டுபிடிக்கவில்லை. அந்த நாட்களில் என் பெண் ஸ்கூல் ரிப்போர்ட் கார்டைக்கூட என்னிடம் நீட்டாமல் அம்மாவிடமே கையெழுத்து வாங்கிக்கொண்டாள்.

அதைவிட மோசம் வாய் வாசனை. கீட்டோன்களில் ஒன்று அசிட்டோன். அது மூச்சு வழியாக வெளியே வரும். ஆபீசில் பக்கத்து சீட்டு நண்பர் என் பக்கம் சாய்ந்து மோப்பம் பிடித்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"காலையிலயேவா சார்?"

"ஐயோ, அது இல்லைங்க. இது அசிட்டோன். நெயில் பாலிஷ் அழிக்கிற தண்ணி இருக்கு பாருங்க, அதுல இருக்கிற ஐட்டம்."

"அடப்பாவமே" என்றார். "இப்ப அதையும் குடிக்க ஆரம்பிச்சுட்டாங்களா?"

மறுநாளிலிருந்து சட்டைப் பையில் ஏலக்காய்.

மாம்பழத்துக்கு வருகிறேன். எங்கள் ஊரில் சீசனில் மாம்பழத்தைக் காசு கொடுத்து வாங்குகிறவன் சொந்தக்காரன் இல்லாதவன். காவேரிப்பட்டணத்துச் சித்தப்பா தோப்பிலிருந்து ஒரு கிரேட் வந்து இறங்கியது. அடியில் பெங்களூரா, மேலே செந்தூரா, என்னைத் தனியாகக் கவனிக்க ஓரத்தில் நாலு மல்கோவா. "நான் சாப்பிடறதில்லை சித்தப்பா" என்றதும் அவர் முகம் சுருங்கிவிட்டது. பிறகு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். "இந்த வருஷம் காய் அவ்வளவு இனிப்பு இல்லைடா. சப்புன்னுதான் இருக்கும். தைரியமா சாப்பிடு." ஒரு விவசாயி தன் தோப்புப் பழத்தைத் தானே மட்டம் தட்டி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

100 கிராம் மாம்பழச் சதையில் 15 கிராம் அளவுக்கு மாவுச்சத்து இருக்கும், அதில் பெரும்பகுதி சர்க்கரை. பெங்களூரா ஒன்று சாதாரணமாக அரை கிலோ நிற்கும். தோலும் கொட்டையும் போனாலும் மிச்சம் இருப்பது என் இரண்டு நாள் ரேஷன். "அப்பா, கொட்டையை மட்டும் சப்பினா எவ்வளவு வரும்?" என்று பெண் கேட்டாள். கலோரி கணக்குப் போடுகிற செயலியில் தேடிப் பார்த்தேன். கொட்டை சப்புவதற்கு அதில் பதிவே இல்லை. பதிவு இல்லாததைக் கணக்கில் எப்படிச் சேர்ப்பது?

வருஷா வருஷம் கிருஷ்ணகிரியில் அகில இந்திய மாங்கனிக் கண்காட்சி நடக்கும். குடும்பத்தோடு போனோம். பங்கனப்பள்ளி, இமாம் பசந்த், அல்போன்சா, நீலம் என்று தட்டு தட்டாக அடுக்கி, பெயர் எழுதி வைத்திருப்பார்கள். பார்க்கலாம், போட்டோ எடுக்கலாம், எடுத்துத் தின்ன முடியாது. எத்தனை நாளாக வீட்டில் நான் மட்டும் அனுபவித்த வேதனையை அங்கே ஊரே கையைக் கட்டிக்கொண்டு அனுபவித்துக்கொண்டிருந்தது. நான் மிகவும் நிம்மதியாக நடமாடிய மாம்பழ இடம் அது ஒன்றுதான்.

பக்கத்து ஜில்லாவை ஆண்ட அதியமானை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. தகடூர் என்றால் இன்றைய தருமபுரி. ஔவைக்கு அவர் கொடுத்தது நெல்லிக்கனி. ஒரு நெல்லிக்காயில் மாவுச்சத்து நாலு கிராமைத் தாண்டாது. யோசித்துத்தான் கொடுத்திருக்கிறார் மனிதர். மல்கோவா கொடுத்திருந்தால் பாட்டி சுகர் மாத்திரையோடுதான் பாட்டுப் பாடியிருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை கே.ஆர்.பி. அணைக்குப் போனோம். காமராஜர் காலத்து அணை. தண்ணீர் பார்க்கப் போகிறோம் என்று சொல்லிக்கொண்டு எல்லோரும் மீன் வறுவலுக்குத்தான் போவார்கள். மீன் கீட்டோவுக்கு உத்தமமான உணவு. ஆனால் மசாலாவில் சோள மாவு கலப்பார்கள். கடை அக்காவிடம் மெதுவாக, "அக்கா, மாவு இல்லாம ஒரு மீன்..." என்று ஆரம்பித்தேன். கரண்டியை நிறுத்திவிட்டு என்னை உற்றுப் பார்த்தார்.

"போன வருஷம் வறுத்த மீனைத் தண்ணி பாட்டில்ல கழுவித் தின்னது நீங்கதானே?"

அடுப்படியில் இருந்த இரண்டு பையன்களும் எட்டிப் பார்த்தார்கள். அக்கா அவர்களிடம், "நான் சொன்னேன்ல, நம்ப மாட்டேன்னீங்களே, இவருதான்" என்று அறிமுகம் செய்துவைத்தார். ஆனாலும் உப்பு, மிளகாய்த்தூள், மஞ்சள் மட்டும் தடவித் தனியாக வறுத்துக் கொடுத்தார். புகழால் ஒரு லாபம் வேண்டாமா?

இத்தனைக்கும் எடை இறங்கியது. முதல் வாரமே முள் இடப்பக்கம் போனதைப் பார்த்து வீட்டையே கூப்பிட்டுக் காட்டினேன். லேப்பில் வேலை பார்க்கும் மச்சினன், "அது தண்ணிங்க மாமா" என்று ஒரே வார்த்தையில் ஊதி அணைத்தான். அவன் சொன்னது உண்மை. உடம்பு சர்க்கரையைக் கிளைகோஜனாகச் சேமிக்கும்போது ஒரு கிராமுக்கு மூன்று கிராம் அளவுக்குத் தண்ணீரையும் பிடித்து வைக்கிறது. சேமிப்பு கரையும்போது அந்தத் தண்ணீரும் போய்விடும். ஒரு கல்யாணச் சாப்பாட்டில் இரண்டு கிலோ ஏறுவதற்கும் இதுதான் காரணம். ஒரே ராத்திரியில் யாராலும் இரண்டு கிலோ கொழுப்பு சேர்க்க முடியாது. ஆனால் தண்ணீரோ கொழுப்போ, இறங்கியது என் எடை. அவன் ஏன் இவ்வளவு சந்தோஷமாகச் சொல்ல வேண்டும்? அவன் கல்யாணத்தில்தானே எனக்கு ஏறியது?

அதற்குப் பிறகுதான் மெதுமெதுவாக நிஜமான இறக்கம் தெரிந்தது. மாமாவின் குரலும் மாறியது. யாரும் இல்லாதபோது, "நானும் இருந்து பார்க்கட்டுமா மாப்ளே?" என்றார். அவர் சுகருக்கு மாத்திரை போடுகிறவர். மாத்திரையும் போட்டுக்கொண்டு மாவுச்சத்தையும் நிறுத்தினால் சுகர் தடாலென்று இறங்கி மயக்கம் வரலாம். சில மாத்திரைகளோடு கீட்டோ சேரவே கூடாது. உங்கள் டாக்டரைக் கேட்காமல் ஒரு வேளைச் சோற்றைக்கூட விடாதீர்கள் என்று சொல்லிவிட்டேன். "அப்ப சாவி?" என்றார். கிண்டலா, நிஜமா என்று தெரியவில்லை.

பேன்ட் எல்லாம் இடுப்பில் தொளதொளத்ததும் பழையபேட்டை டெய்லரிடம் எடுத்துப் போனேன். போன தடவையும் அவர்தான் பிடித்துத் தைத்தார். உபரித் துணியை அப்போதே வெட்டி எறிந்தாயிற்று, அதனால் ஏறியபோது பிரித்து விட ஒரு நூல்கூட உள்ளே இல்லை. இந்தத் தடவை அளவு நோட்டைப் புரட்டினார். என் பெயருக்குக் கீழே 38, அடித்து 34, அடித்து மறுபடி 38. பக்கத்தில் 35 என்று எழுதினார், பென்சிலால்.

"மத்ததெல்லாம் பேனாவுல இருக்கே?" என்றேன்.

"இருக்கட்டும்ண்ணா."

சாயங்காலம் போய் வாங்கிப் பார்த்தால் தையல் கச்சிதம். உள்ளே திருப்பினால் இரண்டு பக்கமும் துணியை வெட்டாமல் மடித்து, மேலோட்டமாக ஒரு தையல் ஓட்டியிருந்தார்.

"ஆவணியில முகூர்த்தம் நிறைய இருக்குண்ணா. இழுத்தா வந்துடற மாதிரிதான் போட்டிருக்கேன்."

எவ்வளவு ஆச்சு என்று கேட்டேன். பிரிக்கிற கூலியையும் சேர்த்துச் சொன்னார்.