எழுதும் உரிமை இல்லாத ஒரு பயனர்

மருந்து மொத்த விற்பனையாளர்களுக்கான இருப்பு, பில்லிங் மென்பொருளை எங்கள் குழு பராமரிக்கிறது. நிரல் எழுத உதவும் ஏஐ கருவியை எங்கள் போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்துடன் இணைக்கலாமா என்ற பேச்சு எழுந்ததற்குக் காரணம் எளியது. அட்டவணைகளைப் பார்க்காமல் கருவி எழுதித் தரும், தரவுத்தளத்திடம் தகவல் கேட்கும் எஸ்க்யூஎல் வினவல்கள் பிழையற்றவையாகத் தோன்றும். ஆனால் அவற்றில் வரும் நெடுவரிசைப் பெயர்கள் எங்களிடம் இருக்காது. ஒவ்வொரு முறையும் அட்டவணை அமைப்பை நகலெடுத்து ஒட்ட வேண்டியிருந்தது. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் வெளியிட்ட மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால் என்னும் திறந்த நெறிமுறை அந்த வேலையைப் போக்கியது. கருவிக்கும் தரவுத்தளத்துக்கும் நடுவே ஒரு சிறிய சர்வர் நிரல் நின்று, அட்டவணைகளைப் பட்டியலிடுதல், வினவலை இயக்குதல் போன்ற செயல்களைக் கருவிக்கு அளிக்கிறது. விடை எழுத்தாக உரையாடலுக்குள் வந்து சேர்கிறது.

விடை உரையாடலுக்குள் வருகிறது என்பதன் பொருளை நாங்கள் நிதானமாக யோசித்தோம். கருவியை இயக்கும் மொழி மாதிரி நம் கணினியில் ஓடாதவரை, வினவலில் கிடைத்த ஒவ்வொரு வரிசையும் அதை நடத்தும் நிறுவனத்தின் சர்வருக்குச் செல்கிறது. கடைக்காரரின் பெயரும் கைபேசி எண்ணும் அப்படிப் போகக் கூடாது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது அவர்கள் எங்களிடம் நம்பி ஒப்படைத்தது. எனவே தரவுத்தளத்துக்குள் தனிப் பிரிவாக ஒரு ஸ்கீமா அமைத்து, அடையாள விவரங்களை நீக்கிய வியூக்களை (மூல அட்டவணையின் தேர்ந்த பகுதியை மட்டும் காட்டும் மெய்நிகர் அட்டவணைகளை) மட்டும் அதில் வைத்தோம். போஸ்ட்கிரஸில் வியூ, இயல்பாகத் தன் உரிமையாளரின் அனுமதியைக் கொண்டே மூல அட்டவணையைப் படிக்கிறது. ஆகவே கருவி பயன்படுத்தும் கணக்குக்கு மூல அட்டவணைகளில் எந்த அனுமதியும் தரத் தேவையில்லை.

உண்மையான விவாதம் எழுதும் உரிமையைப் பற்றியதாக இருந்தது. தரவை மாற்றக் கூடாது என்று கருவிக்கான அறிவுறுத்தல் கோப்பில் எழுதிவிட்டால் போதும் என்று சிலர் கருதினார்கள். நான் அதை ஏற்கவில்லை. அறிவுறுத்தலைக் கருவி பெரும்பாலும் மதிக்கும் என்பது உண்மைதான், ஆனால் 'பெரும்பாலும்' என்ற சொல்லை நம்பி ஒரு விற்பனையாளரின் இருப்புக் கணக்கை விட்டுவைக்க முடியாது. பல கட்டளைகளை ஒரே தொகுதியாக நடத்தும், படிப்பதற்கு மட்டுமான டிரான்சாக்‌ஷனுக்குள் வினவலை இயக்குவதும் முழுக் காப்பு அல்ல. அனுப்பப்படும் வாக்கியம் 'கமிட்' என்று தொடங்கினால் அந்த டிரான்சாக்‌ஷன் அங்கேயே முடிந்துவிடும்; அதன் பின்னால் வரும் அழிப்புக் கட்டளை தடையின்றி ஓடும். எடுத்துக்காட்டாக வெளியிடப்பட்டிருந்த ஒரு போஸ்ட்கிரஸ் இணைப்பு சர்வரிலேயே இத்தகைய ஓட்டை இருந்தது 2025-இல் வெளிச்சத்துக்கு வந்தது. இயல்புநிலையைப் படிப்பு மட்டும் என அமைத்தாலும், இணைந்திருக்கும் பயனரே அதை ஒரு வரியில் மாற்றிக்கொள்ளலாம். எழுதும் அனுமதியே வழங்கப்படாத ரோல்தான் (தரவுத்தளப் பயனர் கணக்குதான்) உறுதியான தடை.

அனுமதி வழங்கும் முறை 1970-களில் ஐபிஎம்மின் சிஸ்டம் ஆர் திட்டத்திலேயே உருவானது; அரை நூற்றாண்டு சோதனையைக் கடந்த அதை விட்டு, நேற்று வந்த கருவியின் நற்பண்பை நம்ப வேண்டிய அவசியம் இல்லை. ஆனாலும் படிக்கும் அனுமதியை மட்டும் தந்துவிட்டு ஓய்ந்துவிட முடியாது. போஸ்ட்கிரஸில் புதிதாக உருவாக்கும் ஃபங்ஷனை (தரவுத்தளத்திலேயே சேமித்த சிறு நிரலை) இயக்கும் உரிமை இயல்பாகவே எல்லாப் பயனர்களுக்கும் கிடைக்கிறது; அந்த ஃபங்ஷன் உரிமையாளரின் அதிகாரத்தோடு ஓடும்படி எழுதப்பட்டிருந்தால், வெறும் படிப்பு வினவலின் வழியாகவே தரவை மாற்ற முடியும். எங்கள் பழைய நிரலில் அப்படிப்பட்டவை இருந்தன. பொது உரிமையைத் திரும்பப் பெற்றோம். கனமான வினவல்கள் பில் போடும் நேரத்தைப் பாதிக்கக் கூடாது என்பதற்காக, கருவியை, மூலத் தரவுத்தளத்தின் நகலான ரெப்ளிகா சர்வருடன் மட்டுமே இணைத்தோம்.

இத்தனைக்கும் பிறகு, எங்களை அதிகம் வேலை வாங்கியது பாதுகாப்பு அல்ல, பொருள். மாத விற்பனையைக் கேட்டபோது கருவி தந்த தொகை நம்பத்தக்கதாகவே இருந்தது. கணக்குப் பிரிவில் இருந்த மூத்த சகோதரி ஒருவர்தான் அது கூடுதலாக இருப்பதைக் கண்டார். ரத்தான பில்கள் அட்டவணையில் நீக்கப்படாமல் ஒரு நிலை எண்ணோடு அப்படியே இருக்கும் என்பதும், காலாவதியாகித் திரும்பிய மருந்துகளுக்கு வேறோர் எண் உண்டு என்பதும் எங்கள் எல்லோருக்கும் தெரியும், ஆனால் தரவுத்தளத்தில் எங்கும் எழுதப்படவில்லை. புதிதாகச் சேரும் இளைஞர்களும் இத்தனை ஆண்டுகளாக இதைக் கேட்டுக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள் என்பது எனக்கு வருத்தமளித்தது.

ஆகவே ஒவ்வொரு நெடுவரிசைக்கும் விளக்கத்தை அதனுடனேயே சேமிக்கும் 'கமென்ட்' வசதியைக் கையாண்டோம்: தொகை ரூபாயிலா பைசாவிலா, நிலை எண் ஒவ்வொன்றும் எதைக் குறிக்கிறது, எந்தத் தேதி பில்லின் தேதி, எது சரக்கு சென்ற தேதி. அட்டவணைகளுக்கு இடையிலான உறவுகளும் பயன்பாட்டு நிரலில் மட்டுமே வாழ்ந்திருந்ததால், கருவி பெயர் ஒற்றுமையை வைத்துத் தவறாக இணைத்தது. அவற்றை ஃபாரின் கீக்களாக (ஒரு வரிசை சுட்டும் வரிசை மற்ற அட்டவணையில் இருந்தாக வேண்டும் என்னும் விதிகளாக) அறிவித்தபோது, உரிய பேட்ச் (மருந்தின் உற்பத்தித் தொகுதி) இல்லாத இருப்பு வரிசைகள் வெளிப்பட்டன. பழைய வரிசைகளைச் சரிபார்க்காமல் புதியவற்றுக்கு மட்டும் விதியை உடனே அமல்படுத்த போஸ்ட்கிரஸ் இடம் தருவதால், பிழையானவற்றைப் பொறுமையாகத் திருத்திய பின் முழுச் சரிபார்ப்பை நடத்தினோம். இப்போது நெடுவரிசை சேர்க்கும் எந்த மைக்ரேஷன் கோப்பும் விளக்கம் இல்லாமல் ஏற்கப்படுவதில்லை. அந்தக் கோப்பைக் கருவி எழுதலாம், இயக்குவது மனிதர்தான்.

கடைக்காரர்கள் புகார்களைத் தாங்களே எழுதும் குறிப்பு நெடுவரிசையை மட்டும் கருவிக்கு இன்றுவரை காட்டவில்லை. வெளியார் எழுதும் வாசகத்தில் ஒரு கட்டளை ஒளிந்திருந்தால், அதைத் தரவாக அல்லாமல் தனக்கு வந்த உத்தரவாகக் கருவி எடுத்துக்கொள்ளும் வாய்ப்பு உள்ளது. எந்த வியூவிலும் அது சேராது.